புகாருக்கு அப்புறம் வரும் 90 நாள்: கமிட்டியா, ஸ்டேஷனா, கூட யார் போவது?

"மேடம், கமிட்டிக்குப் போகலாமா, இல்லை நேரா மகளிர் ஸ்டேஷனுக்கே போயிடலாமா?"

மூன்று வருடம் ஒரு கல்லூரியில், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார் குழுவில் (கமிட்டி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான்) உறுப்பினராக இருந்தேன். பதவிக்காலம் முடிந்துவிட்டது, ஆனாலும் வருடத்துக்கு நாலைந்து பேராவது இந்தக் கேள்வியோடு கூப்பிடுகிறார்கள். பெரும்பாலும் அம்மாவோ அக்காவோ, சில சமயம் ஹாஸ்டல் ரூம்மேட், ஒருமுறை மாமா முறை ஒருவர், அவர் எடுத்த எடுப்பிலேயே "பெயர் வெளியே வராமல் முடிக்க முடியுமா" என்றுதான் ஆரம்பித்தார். எல்லோருக்கும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அடுத்த இன்டர்னல் எப்போது, அந்தப் பேப்பரைத் திருத்தப்போவது யார்? எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. சம்பந்தமில்லாமல் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சம்பந்தம் இருக்கிறது. எந்த வழியில் தண்டனை கடுமையாகக் கிடைக்கும் என்பதை வைத்துத்தான் நம் ஆட்கள் ஒப்பிடுகிறார்கள். நான் பார்த்த வரையில் புகாரைப் பாதியில் வாபஸ் வாங்கிய பெண்கள் யாரும் தண்டனை போதாது என்று வாங்கவில்லை. புகாருக்கும் அறிக்கைக்கும் நடுவில் இருக்கும் அந்த மூன்று மாதத்தைத் தாங்க முடியாமல்தான் வாங்கினார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் ஒவ்வொரு வழியையும் அந்த நடுவாந்தரத்தை வைத்தே பார்க்கிறேன்.

முதலில் கமிட்டி. இன்னமும் பலர் விசாகா கமிட்டி என்றுதான் சொல்கிறார்கள். உச்ச நீதிமன்றத்தின் 1997 விசாகா தீர்ப்பின் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போது அதற்குப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புக்கான 2013 சட்டம் இருக்கிறது, கல்லூரி, பல்கலைக்கழகங்களுக்கென்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2015 ஒழுங்குமுறையும் தனியாக இருக்கிறது. மாணவர்களுக்கு உதவ வருகிறவர்கள் இந்த இரண்டாவதைத்தான் படித்து வைத்துக்கொள்ள வேண்டும், சில பக்கம்தான். சம்பவம் நடந்து (தொடர் தொல்லை என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து) மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார். தாமதத்துக்குக் காரணம் இருந்தால் குழு அதை எழுதிவைத்து இன்னும் மூன்று மாதம் தரலாம். புகாரின் நகல் 7 நாளுக்குள் எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும், அவர் 10 நாளில் பதில் தர வேண்டும், விசாரணை 90 நாளுக்குள் முடிய வேண்டும், அடுத்த 10 நாளில் அறிக்கை, அதன்மேல் நிர்வாகம் 30 நாளில் நடவடிக்கை. காகிதத்தில் இவ்வளவு ஒழுங்கு.

காலக்கெடுவை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கொல்கத்தாவில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் மீது ஒரு பேராசிரியை கொடுத்த புகார் உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 செப்டம்பரில் காலம் கடந்த புகார் என்றே நின்றது. அந்தத் தீர்ப்பை துணைவேந்தர் தன் ரெஸ்யூமில் சேர்த்தே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது வேறு விஷயம். சட்டம் படித்தவர்கள் நிறைந்த இடத்திலேயே இந்தக் கதி என்றால், செமஸ்டர் முடியட்டும், ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கமிட்டியின் பெரிய சாதகம் எது என்று கேட்டால் தண்டனையைச் சொல்லமாட்டேன். இடைக்கால நிவாரணம்தான். புகார் கொடுத்தவரையோ எதிர்த்தரப்பையோ வேறு பிரிவுக்கு மாற்றலாம், மூன்று மாதம் வரை விடுப்பு தரலாம், எதிர்த்தரப்பு ஆசிரியராக இருந்தால் அவர் இந்த மாணவியின் பேப்பரைத் திருத்தவோ மதிப்பிடவோ கூடாது என்று நிறுத்தலாம், கிட்டே வரக்கூடாது என்று எச்சரிக்கலாம், மிரட்டல் உறுதியானால் வளாகத்துக்குள்ளேயே விடாமல் தடுக்கலாம். போலீஸால் கேஸ் போட முடியும், ஆள் பிடிக்க முடியும், ஆனால் உங்கள் இன்டர்னல் மார்க்கை வேறு ஆளிடம் கொடுக்க அவர்களால் முடியாது. என்ன கொடுமை என்றால், இதைக் கேட்கலாம் என்பதே முக்கால்வாசிப் பேருக்குத் தெரிவதில்லை, கேட்காமல் குழுவும் தானாக எடுத்துக் கொடுப்பது அபூர்வம். புகார்க் கடிதத்தின் கடைசிப் பத்தியிலேயே இன்னின்ன நிவாரணம் வேண்டும் என்று எழுதிவிடுங்கள். கூட நிற்பவர் செய்யக்கூடிய முதல் உருப்படியான வேலை இதுதான்.

இன்னொரு சாதகம், நிரூபணத்தின் அளவு. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். கமிட்டியில் எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பது போதும். நிரூபிக்க முடியாமல் போனால் பொய்ப் புகார் என்று நம்மையே டிஸ்மிஸ் செய்துவிடுவார்களோ என்ற பயம் எல்லாப் பெண்களுக்கும் இருக்கிறது. வெறுமனே நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விதியே சொல்கிறது.

இனி பாதகம். கமிட்டி என்பது கல்லூரியின் கமிட்டி. துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் போன்ற நிர்வாகப் பதவியில் இருப்பவர்கள் உறுப்பினராகவே இருக்கக் கூடாது என்று யுஜிசி விதி சொல்கிறது. தலைமை, மூத்த பெண் பேராசிரியர். வெளியிலிருந்து ஒரு தொண்டு நிறுவன உறுப்பினர். மாணவர்கள் சம்பந்தப்பட்ட புகார் என்றால் இளங்கலை, முதுகலை, ஆய்வு என்று மூன்று நிலையிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவப் பிரதிநிதிகள். மொத்தத்தில் பாதிப்பேராவது பெண்கள். உங்கள் கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும் பட்டியலை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாணவப் பிரதிநிதி இல்லை, வெளி உறுப்பினர் என்று போட்டிருப்பவர் கரஸ்பான்டன்ட்டின் சொந்தக்காரர், இரண்டு ஹெச்ஓடி உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் முதல் நாளே எழுத்தில் ஆட்சேபம் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் சொன்னால் தீர்ப்பு பிடிக்காமல் சொல்வதாக ஆகிவிடும்.

ரகசியம் எங்கே உடைகிறது என்று ஒரு காட்சி சொல்கிறேன். நான் இருந்த குழுவிலேயே நடந்தது, எங்கள் தப்புதான். இரண்டாம் வருட மாணவி ஒருவரை விசாரணைக்கு வரச்சொல்ல வேண்டும். கடிதம் டைப் ஆகி, கவரில் போட்டு, ஒட்டி, மேலே கான்ஃபிடென்ஷியல் என்று சிவப்பு மையில் எழுதி, எல்லாம் ஒழுங்காகச் செய்தோம். அந்தக் கவரை ஆபீஸ் உதவியாளர் எடுத்துக்கொண்டு போய் மூன்றாவது பீரியட் நடக்கும்போது வகுப்பு வாசலில் நின்று, பெயரையும் ரோல் நம்பரையும் சத்தமாகப் படித்து, "கமிட்டில கூப்பிடுறாங்க" என்று சொல்லிவிட்டார். அறுபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மாணவி எழுந்து வாசல் வரை நடந்த அந்தப் பத்து அடியைப் பற்றி விசாரணையில் எங்களிடமே சொன்னார்; சம்பவத்தைச் சொல்லும்போது உடையாத குரல் அங்கேதான் உடைந்தது. அதற்கப்புறம் எல்லா அழைப்பும் மாணவி கொடுத்த சொந்த மெயிலுக்கு, நேரம் கல்லூரி விட்ட பிறகு, அறை பிரின்சிபால் பிளாக்கில் இல்லாமல் நூலகத்தின் மேல்மாடி என்று மாற்றினோம். எந்தச் சட்டத்திலும் இந்த அளவுக்கு எழுதியிருக்காது. கேட்டு வாங்க வேண்டியதுதான்.

இரண்டாவது, காவல் நிலையம். பாலியல் வன்முறை, தாக்குதல், வீடியோ எடுத்து மிரட்டல் என்றால் கமிட்டிக்காகக் காத்திருக்கத் தேவையே இல்லை. குறிப்பாக வன்முறை நடந்திருந்தால் மருத்துவத் தடயத்தை 96 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது. குளிக்காமல், உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போகலாம். தனியார் மருத்துவமனையும் இலவசமாகச் சிகிச்சை தர மறுக்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் வந்துவிட்டதால் எஃப்ஐஆரில் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 354ஏ பிரிவைத் தேடாதீர்கள், பாலியல் தொல்லை இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 75வது பிரிவு, பின்தொடர்தல் 78. எந்த ஸ்டேஷனிலும் எல்லையைக் காரணம் காட்டாமல் ஜீரோ எஃப்ஐஆர் போட வேண்டும். வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். நகல் இலவசம்.

ஆனால் நம்மூர் நடைமுறையில் முதலில் கையில் கிடைப்பது சிஎஸ்ஆர் ரசீதுதான், அதாவது புகாரை வாங்கிக்கொண்டோம் என்பதற்கான ஒப்புகை, வழக்குப் பதிவு இல்லை. "விசாரிச்சுட்டுச் சொல்றோம்மா" என்று ஒரு சின்னத் தாள். அதை எஃப்ஐஆர் என்று நினைத்து வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். கூடப் போகிறவர் தாளின் தலைப்பைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

போலீஸ் வழிக்கு நல்ல உதாரணமும் கெட்ட உதாரணமும் ஒரே வழக்கில் இருக்கிறது. 2024 டிசம்பர் 23 இரவு அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு நடந்த பாலியல் வன்முறை. மாணவி புகார் கொடுத்தார், வெளி ஆள் ஒருவன் கைதானான், சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகளைக் கொண்ட சிறப்புக் குழுவிடம் விசாரணையை ஒப்படைத்தது, 2025 ஜூன் 2 அன்று மகளிர் நீதிமன்றம் 30 வருடத்துக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதித்தது. ஐந்து மாதத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்! ஊரே பார்த்துக்கொண்டிருந்த வழக்கு என்பதால் வந்த வேகம் அது, உங்கள் வழக்குக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அதே வழக்கில்தான் மாணவியின் விவரங்களோடு எஃப்ஐஆர் வெளியே கசிந்து வாட்ஸ்அப்பில் சுற்றியது, அதற்காக 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச்சொல்லி நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் தேர்வே கிடையாது. முதல் வருடம் சேரும் பிள்ளைகள் பலருக்கு 17 வயதுதான். 18 முடியவில்லை என்றால் அது போக்சோ. தெரிந்துகொண்ட வார்டனோ ஆசிரியரோ போலீஸுக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் இருப்பது குற்றம். நம்பிச் சொல்கிற பிள்ளையிடம் "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கும் முன்னால் பிறந்த தேதியைக் கேளுங்கள் என்று ஆசிரிய நண்பர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

சரி, இரண்டையும் சேர்த்தே செய்யலாமா? தாராளமாக. ஒன்று நடப்பதால் மற்றொன்று நிற்க வேண்டியதில்லை. போலீஸ் விசாரிக்கிறது, அதனால் நாங்கள் கை வைக்க மாட்டோம் என்று சில நிர்வாகங்கள் நழுவும். புகார்தாரர் போலீஸுக்குப் போக விரும்பினால் உதவி செய்வது நிறுவனத்தின் கடமை என்று சட்டமே சொல்கிறது, கமிட்டியை மூடிவைக்க அது சாக்கு ஆகாது. கமிட்டியின் ஆறு மாதம் கடந்துபோனாலும் போலீஸ் கதவு பல குற்றங்களுக்குத் திறந்தேதான் இருக்கும், பெருங்குற்றங்களுக்குக் காலவரம்பே கிடையாது. இதில் இருக்கும் சிக்கல் ஒன்றே ஒன்று: ஒரே சம்பவத்தைக் கமிட்டியில், ஸ்டேஷனில், மாஜிஸ்திரேட் முன்னால், அப்புறம் கோர்ட்டில் என்று நாலு தடவை சொல்ல வேண்டிவரும், சின்ன முரண்பாட்டைக்கூட எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார். அதனால் எங்கும் போகும் முன்னால் தேதி, நேரம், இடம், யார் இருந்தார்கள், என்ன சொன்னான் என்று நாலு பக்கம் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஞாபகம் இல்லாததை ஞாபகம் இல்லை என்றே எழுதலாம். வாட்ஸ்அப்பில் தானாக அழியும் வசதியை அணைத்துவிட்டு, அரட்டை முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து, பழைய போனை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது.

மூன்றாவது வழி, பேசித் தீர்ப்பது. சமரசம் என்று விதியிலேயே இருக்கிறது; கேட்க வேண்டியவர் புகார் கொடுத்தவர் மட்டும்தான், பணம் பேசக் கூடாது. நடப்பது என்ன? இரண்டு வீட்டாரையும் வரச்சொல்லி, பிரின்சிபால் அறையில் டீ வாங்கிக் கொடுத்து, "பொண்ணு வாழ்க்கை, பையன் வாழ்க்கை, இரண்டையும் பாக்கணும்" என்று ஆரம்பிப்பது. இதைச் சமரசம் என்று நான் சொல்லமாட்டேன், அழுத்தம் என்றுதான் சொல்வேன். ஆனால் முற்றிலும் ஒதுக்கவும் மாட்டேன். கூடப் படிக்கும் பையன் மாற்றி மாற்றி மெசேஜ் போட்டுத் தொல்லை செய்தான், அவளுக்கு அது நிற்க வேண்டும், எழுத்தில் மன்னிப்பு வேண்டும், பிராக்டிகல் பேட்ச் மாற வேண்டும், அவ்வளவுதான் என்றால் இது இரண்டே வாரத்தில் முடியும். நிபந்தனைகள் எழுத்தில் இருக்க வேண்டும். அவன் மீறினால் விசாரணை மறுபடி தொடங்கும். கை வைத்த விஷயத்துக்கும், மார்க் போடும் அதிகாரத்தில் இருப்பவர் செய்ததற்கும் இந்த வழி வேண்டவே வேண்டாம்.

நிர்வாகத்தின் தலைவர் மீதே புகார் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார் குழு இருக்கிறது. கலெக்டர் அலுவலகத்திலும் சமூக நலத் துறையிலும் விசாரிக்கலாம். போராட்டம், சமூக ஊடகம் என்ற வழியும் இருக்கிறது. 2023 மார்ச் கடைசியில் கலாக்ஷேத்ரா மாணவர்கள் உட்கார்ந்து போராடிய பிறகுதான் முன்னாள் மாணவி ஒருவரின் புகாரில் கைதும், ஓய்வுபெற்ற நீதிபதி கண்ணன் தலைமையில் தனிக்குழுவும் வந்தன. உள்ளே இருக்கும் குழுமேல் நம்பிக்கை செத்துப்போனால் பிள்ளைகள் தெருவுக்கு வரத்தான் செய்வார்கள். கூட்டமாகச் செய்யும்போது அது வேலை செய்கிறது. தனியாக ஒரு பெண் நடுராத்திரியில் பெயர் போட்டுப் பதிவிட்டால், மறுநாள் அவதூறு நோட்டீஸும் ஆயிரம் கமென்டும் அவள் ஒருத்தி தலையில்தான் விழும்.

இனி நான் உண்மையில் எழுத வந்த விஷயம். கூட யார் போவது?

கமிட்டி முன்னால் வக்கீல் ஆஜராக முடியாது, 2013 விதிகளில் வெளிப்படையாகவே இருக்கிறது. இரண்டு தரப்புக்கும்தான். ஆனால் வெளியே வக்கீலிடம் போய்ப் புகாரைச் சரிபார்ப்பதை யாரும் தடுக்க முடியாது, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100க்கு அடித்தால் போதும். ஆகவே வக்கீல், எழுதும் வேலைக்கு. விசாரணை அறை வாசலில் தேவை வேறு ஆள்.

அம்மா, அப்பா? பணம், வண்டி, வீட்டின் பலம் எல்லாம் அவர்களிடம். அதே சமயம் "நீ ஏன் அந்நேரத்துக்கு அங்க போன" என்ற கேள்வியும் முதலில் அவர்களிடமிருந்துதான் வரும், கோபத்தில் டிசி வாங்கிக்கொண்டு கூட்டிப்போய்விடும் ஆபத்தும் அங்கேதான். 18 முடிந்தவள் என்றால் வீட்டுக்குச் சொல்வது அவள் முடிவு. அவளைக் கேட்காமல் கல்லூரியே போன் போட்டுச் சொல்வது உதவி கிடையாது. எனக்குத் தெரிந்து இரண்டு பேரின் படிப்பு அந்த ஒரு போனில் நின்றது.

தோழி என்றால் நம்பிக்கை. ஆனால் தோழியே சாட்சியாகவும் இருந்தால் கூட உட்காரவைப்பதைத் தவிர்ப்பது நல்லது, சொல்லிக்கொடுத்துப் பேசினாள் என்று நாளைக்கு வரும். ஆசிரியர் என்றால் விதி தெரியும், குழுவிடம் தைரியமாகக் கேட்க முடியும். அதே துறை ஆசிரியர் மட்டும் வேண்டாம், அவருக்கும் பிரமோஷன் இருக்கிறது, அவருக்கும் ஹெச்ஓடி இருக்கிறார், நாலாவது வாரத்தில் குரல் இறங்கிவிடும். கவுன்சிலர் மனசுக்கு அவசியம், ஆனால் கல்லூரிச் சம்பளத்தில் இருப்பவர் என்றால் பேசுவது எங்கே போகும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். மாவட்டத்துக்கு மாவட்டம் சகி மையம் (பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசு உதவி மையம்) இருக்கிறது, 181ல் கேட்டால் வழி சொல்வார்கள், அங்கிருந்து ஒருவரைக் கூட அழைத்துப்போக முடிந்தால் ஊர்க்காரர்கள், சொந்தக்காரர்கள் வாய்க்குப் பயப்பட வேண்டியதில்லை. என் தேர்வு: வேறு துறை ஆசிரியை ஒருவரும், சாட்சியாக இல்லாத தோழி ஒருத்தியும். இரண்டு பேர், ஒருவருக்கு முடியாத நாளில் மற்றவர். உள்ளே கூட உட்கார அனுமதி கேட்டு எழுதுங்கள், மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள்.

புகாருக்கு ஆளானவனும் மாணவன் என்றால் அவனுக்கும் கூட ஆள் வேண்டும். இதைச் சொன்னால் சிலர் முறைப்பார்கள். கோவா பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் மீதான வழக்கில் 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் என்ன செய்தது? விசாரணைக் குழு அவசர அவசரமாக முடித்தது, அவருக்குச் சரியான வாய்ப்பு தரவில்லை என்று டிஸ்மிஸ் உத்தரவை ரத்து செய்து மறுபடி விசாரிக்கக் குழுவுக்கே திருப்பி அனுப்பியது. புகார் 2009ல் வந்தது. பதினாலு வருடம் கழித்து அந்தப் பெண்களின் புகார் மறுபடி விசாரணைக்கு வர வேண்டிய நிலை. அவன் பக்கம் நியாயமாக நடந்தால்தான் அவள் வாங்கிய தீர்ப்பு நிற்கும். அவன் கேள்விகளை எழுதிக் கொடுக்கட்டும், தலைவர் படித்துக் கேட்கட்டும், நடுவில் திரை போடலாம், நேருக்கு நேர் உட்கார வைக்கத் தேவையில்லை.

இவ்வளவையும் வைத்துக் கேட்டால் என் கணக்கு இப்படி. உடல்ரீதியான வன்முறை, வயது 18க்குக் கீழ், மிரட்டல் வீடியோ என்றால் முதலில் போலீஸ், அதே வாரத்தில் கமிட்டியிலும் இடைக்கால நிவாரணம் கேட்டு ஒரு கடிதம். ஆசிரியர், கைடு, மார்க் சம்பந்தம் என்றால் முதலில் கமிட்டி, கைடை மாற்றக் கேட்டுவிட்டுத்தான் மற்றது. ஆய்வு மாணவிகளுக்கு இது வாழ்வா சாவா, நாலு வருட வேலை ஒருவர் கையெழுத்தில் தொங்குகிறது. கமிட்டியின் அமைப்பே கோணல் என்றால் ஆட்சேபக் கடிதமும் போலீஸ் புகாரும் சேர்த்து. அறிக்கை வந்ததும் நகல் வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு தரப்புக்கும் தர வேண்டும், மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். நிர்வாகம் பரிந்துரையை ஏற்கவில்லை என்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

அந்த இரண்டாம் வருட மாணவிக்குக் கூட வந்தது வேதியியல் துறை ஆசிரியை ஒருவர். ஐந்து அமர்வுக்கும் வந்தார், பெரிதாக எதுவும் பேசியதாக ஞாபகமில்லை. நூலக மாடிப்படியில் பேப்பர்க் கட்டை மடியில் வைத்துத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே போய் ஒரு மணி நேரம் ஆனதும் கதவைத் தட்டி, "பொண்ணுக்குத் தண்ணி வேணுமா, அஞ்சு நிமிஷம் விடுங்க" என்பார். நாங்களும் விடுவோம். நாலாவது அமர்வில் அவர் தட்டுவதற்கு முன்னால் மாணவியே நிமிர்ந்து, "மேடம், ஒரு அஞ்சு நிமிஷம்" என்று கேட்டுவிட்டு எழுந்து வெளியே போனார்.